மனதில் பட்டதைச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

“மனதில் பட்டது, செய்தேன்” என்று ஒருவர் சொல்லிவிட்டால், மட்டக்களப்பில் அதற்கு மேல் அவரை யாரும் துருவிக் கேட்பதில்லை. கலியாணப் பேச்சுக்காலை இடையில் நிறுத்துவதற்கும், கோவிலுக்கு நேர்த்தி வைப்பதற்கும், கூடப்பிறந்தவருடன் பேச்சை முறிப்பதற்கும் இந்த ஒரு வாக்கியமே போதுமான நியாயமாக இருந்துவருகிறது. மனதில் படுவதையெல்லாம் தள்ளிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பட்டதற்கும் அதன்படி நடப்பதற்கும் இடையில் செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு; அவற்றை, நானே சறுக்கிய ஓர் இடத்திலிருந்து தொடங்கி எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கதிர்காமப் பாதயாத்திரைக்காக உகந்தை மலை முருகன் கோவிலிலிருந்து காட்டுக்குள் இறங்கினோம். குமுக்கன் ஆற்றைக் கடந்து, ஒருநேரச் சோறும் மூன்று நான்கு மணித்தியால நித்திரையுமாக நடந்துகொண்டிருந்த ஒரு விடியற்காலையில், கடந்த பெரும்போக வேளாண்மையில் என் பங்கு நெல்லில் தம்பி கை வைத்துவிட்டான் என்ற எண்ணம் எனக்குள் எழுந்தது. கோபத்தோடு வந்திருந்தால் நானே அதைச் சந்தேகித்திருப்பேன். அது முழு அமைதியோடும், கண்ணீர் வருமளவு தெளிவோடும் வந்தபடியால், முருகனே உணர்த்தினான் என்று எடுத்துக்கொண்டேன். வீடு திரும்பியதும் இருபது நாட்கள் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. பொறுக்க முடியாத மனைவி, நெல்லை நிறுத்தபோது எழுதிய துண்டைத் தேடியெடுத்து என் முன்னால் வைத்தாள். அதில் 42 மூடை. என் மனக்கணக்கில் 46. விதைநெல்லுக்கென்று ஒதுக்கும்படி நானே சொல்லியிருந்த 4 மூடையை நான் மறந்துபோயிருந்தேன்.

ஆகவே முதல் வேலை, உணர்வையும் அதிலிருந்து எடுத்த முடிவையும் தனித்தனியே எழுதுவது. ஒரு கொப்பியின் இடப்பக்கத்தில் “நெஞ்சு கனத்தது”, “உடல் சிலிர்த்தது” என்று நடந்ததை மட்டும் எழுதுங்கள்; வலப்பக்கத்தில் “ஆகையால் அவன் களவெடுத்தான்” என்பதை எழுதுங்கள். சைவசித்தாந்த அளவையியல், அதாவது எதை எப்படி அறிகிறோம் என்று ஆராயும் பகுதி, நேரே அறிவதாகிய காட்சியை வாயிற்காட்சி, மானதக்காட்சி, தன்வேதனைக்காட்சி, யோகக்காட்சி என்று நான்காகப் பகுக்கிறது. இவற்றுள் தன்வேதனைக்காட்சி என்பது உயிர் தன்னுடைய இன்பதுன்பத்தைத் தானே அறிவது; யோகக்காட்சி என்பது புலனுக்கு எட்டாததையும் யோக வலிமையால் நேரே காண்பது. நாம் யோகக்காட்சி என்று கொண்டாடுவனவற்றுள் பெரும்பாலானவை இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தவை என்பது என் கணிப்பு. எனக்கு வலிக்கிறது என்பதை அது பிழையின்றிச் சொல்லும். வலிக்குக் காரணம் யார் என்பதைச் சொல்ல அதற்கு வழியில்லை.

அடுத்து, அந்த நேரத்தில் உடல் எந்த நிலையில் இருந்தது என்று பாருங்கள். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு நடக்கையில், அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தி இரவில் உடுக்கு ஒலிக்க, கண்ணகி கதையாகிய வழக்குரை பாடப்படும்போது மயிர்க்கூச்செறியாதவர் எங்களில் குறைவு. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோவில் தீக்குழியின் முன்னால் நிற்பவருக்கும் அப்படித்தான். அந்தச் சிலிர்ப்பைப் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் விரதமும் கண்விழிப்பும் சாம்பிராணிப் புகையும் சனநெருக்கமும் சேர்ந்து மனதை இளக்குகின்றன. இளகிய மனம் வழிபாட்டுக்கு ஏற்றது, காணி வழக்கைத் தீர்ப்பதற்கு ஏற்றதன்று. சடங்கு இரவில் தோன்றியதை மூன்று இரவுகள் நன்றாக நித்திரை கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்ட பிறகு மீண்டும் எடுத்துப் பாருங்கள்.

மட்டக்களப்பில் புனித மிக்கேல் கல்லூரியை நெடுங்காலம் நடத்திய இயேசு சபையினரின் நிறுவுநர் லொயோலா இஞ்ஞாசியாரும் இதே சிக்கலில் அகப்பட்டவர்தான். 1522இல் ஸ்பெயினின் மன்றேசா என்னும் ஊரில் கடுந்தவத்தில் இருந்தபோது, படுக்கப் போகும் நேரத்தில் பெரும் ஞானவெளிச்சங்களும் ஆறுதல்களும் வந்து அவருடைய கொஞ்ச நித்திரையையும் விழுங்கின. பகலில் செபத்துக்கென்று போதிய நேரம் ஒதுக்கியிருக்கையில் இவை ஏன் நித்திரை நேரத்தில் வருகின்றன என்று யோசித்த அவர், அவை நல்ல ஆவியிடமிருந்துதான் வருகின்றனவா என்று ஐயுற்று, அவற்றை விட்டுவிட்டுத் தூங்குவதே மேல் என்று முடிவு செய்தார். மனம் வறண்டு கலங்கிய வேளையில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றக்கூடாது என்ற விதியையும் பிற்பாடு வகுத்தார். வந்தது எவ்வளவு இனிமையானது என்று மட்டும் பாராமல், அது எந்த நேரத்தில் வந்தது, எதைக் கெடுத்தது என்றும் கேட்ட அந்த முறையை எந்தச் சமயத்தவரும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒழுக்கம் பற்றிய உணர்வில் இதைவிடக் கூடுதலான கவனம் தேவை, ஏனெனில் அங்கே விலை கொடுப்பவர் பெரும்பாலும் வேறொருவர். என் அம்மம்மா ஒருவருக்கும் தீங்கு நினையாத மனுசி. ஆனாலும் துணி வெளுக்க வருபவருக்கென்று ஒரு பேணி பின்வேலிக் கம்பில் கவிழ்ந்திருக்கும். அதில்தான் அவருக்குத் தேத்தண்ணி. ஒருநாள் சிறுவனாகிய நான் அதில் தண்ணீர் மொண்டு குடித்தபோது அவவுக்கு உண்மையாகவே குமட்டியது. அதில் நடிப்பு எதுவும் இல்லை. அந்தக் குமட்டலை அவ தருமத்தின் குரல் என்றே நம்பினா. அருவருப்பு என்பது பழக்கம் உடலில் எழுதிவைத்த எழுத்து. எழுதியவர் யார் என்று உடலுக்குத் தெரியாது. ஒருவருடைய செயல் உங்களுக்குக் கூசினால், “இதனால் யாருக்கு என்ன கேடு?” என்ற கேள்விக்கு ஒரு முழு வாக்கியத்தில் பதில் எழுதிப் பாருங்கள். எழுத வராவிட்டால் அந்தக் கூச்சத்தை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

உணர்வு உங்களுக்கு வசதியான பக்கமாகச் சாய்கிறதா என்பதையும் பாருங்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக்கி, ஒன்றை எடுத்துப் பூக்கட்டிப் பார்க்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன்: வெள்ளை வந்தால் அம்மன் வாக்கு, சிவப்பு வந்தால் “சரியாகக் கும்பிடவில்லை, இன்னொருக்கால் எடுப்போம்.” பொட்டலத்தைப் பிரித்த கணத்தில் முகம் வாடியதே, அன்று கிடைத்த நம்பகமான தகவல் அதுதான். காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ ஒரு முடிவுக்கு இறைவனிடம் வழி கேட்கும் இஸ்திகாராத் தொழுகைக்குப் பின் கனவுக்காகக் காத்திருப்பவர்கள் உண்டு. கனவு வர வேண்டும் என்பது அத்தொழுகையின் நிபந்தனையல்ல என்றும், அறிந்தவர்களோடு மசூரா, அதாவது கலந்தாலோசனை, செய்யுமாறும் மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் விளக்குவார்கள். நாமும் அப்படியே, நம்மோடு ஒத்துப்போகாத ஒருவரிடம், முடிந்தால் குற்றம் சாட்டப்படுபவரிடமே, முதலில் கேட்கலாம்.

வாவியில் வீச்சுவலை எறிபவர் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து மீன் இருக்கும் இடத்தைச் சொல்கிறாரே, அதுவும் உள்ளுணர்வுதானே என்று கேட்கலாம். அது நம்பத்தக்கது. பல்லாயிரம் தடவை எறிந்து, ஒவ்வொரு தடவையும் வலையை இழுத்தவுடனே சரி பிழை அறிந்து பழகிய உணர்வு அது. உள்ளுணர்வைப் பற்றி எதிரெதிர்க் கருத்துடையவர்களான டேனியல் கானமன், கேரி கிளைன் ஆகிய உளவியலாளர்கள் 2009இல் சேர்ந்தெழுதிய கட்டுரையும் இந்த இடத்தில்தான் உடன்பட்டது: ஒழுங்குள்ள சூழலும், போதிய பயிற்சியும், உடனுக்குடன் கிடைக்கும் விளைவும் இருந்தால் உள்ளுணர்வு தேறும். தியானத்தில் தோன்றிய அர்த்தத்துக்கும் ஒருவரின் குணம் பற்றிய தீர்ப்புக்கும் அப்படி வலை இழுத்துப் பார்க்க முடிவதில்லை.

ஒரு விலக்கு மிக முக்கியம். சாமி பார்ப்பவரிடமோ, குரு என்று சொல்லப்படுபவரிடமோ, உறவினரிடமோ தனியே இருக்கப் பயமாக இருக்கிறது என்று ஒரு பிள்ளையோ பெண்ணோ சொன்னால், மேற்சொன்ன எந்தச் சோதனைக்கும் காத்திராமல் உடனே அங்கிருந்து கூட்டிவந்துவிட வேண்டும். விலகுவதற்கு உணர்வே போதும். ஒருவரைத் தண்டிப்பதற்குத்தான் அதற்கு மேல் சான்று வேண்டும். பொறுமையைப் போதிக்கும் வழிகாட்டிகள் பல இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டுவிடுவது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

கடைசி வேலை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொப்பியைத் திறந்து, வலப்பக்க முடிவுகளில் எவை சரிவந்தன என்று குறிப்பது. என் கொப்பியின் முதற் பக்கத்தை நான் கதிர்காமத்து விடியற்காலைக்கென்று ஒதுக்கினேன். அதன் வலப்புறத்தில் நான் எழுதியதற்குக் கீழே, தம்பி வந்திருந்த ஒருநாள், என் பேனையை வாங்கித் தன் கையெழுத்தில் எழுதிவிட்டுப் போனான்: “விதைநெல் 4.”