அருங்காட்சியகப் பயிற்சிக்குப் போகும் மாணவர்களுக்கு: முதல் மெயிலிலிருந்து கடைசி நாள் ஒப்படைப்பு வரை

அருங்காட்சியகத்தில் இன்டர்ன்ஷிப் என்றதும் கண்ணாடிப் பேழைகளுக்கு நடுவே பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்வதுபோல ஒரு காட்சி மனதில் ஓடும். கிடைப்பது பெரும்பாலும் பின்பக்க அறைதான். அங்கே ஒரு மேசை, ஒரு விளக்கு, எண் போடாத நாலைந்து அட்டைப்பெட்டிகள். காட்சிக்கு வைத்திருப்பது மொத்த இருப்பில் சிறு பங்குதான். மீதியெல்லாம் சேமிப்பறையில் கிடக்கும், அதில் கணிசமானவற்றுக்குச் சரியான விவரக்குறிப்பே இருக்காது. மாணவர்களைக் கூப்பிடுவதே அதற்காகத்தான்.

பொருட்களை அழிக்கும் காரணிகள் என்று, பழம்பொருட்களைச் சிதையாமல் பேணுவதற்கான கனடிய நிறுவனம் பத்தைப் பட்டியலிட்டிருக்கிறது. தீ, நீர், பூச்சி, வெளிச்சம், திருட்டு என்று நாம் எதிர்பார்ப்பவை எல்லாம் அதில் உண்டு. ஒன்று மட்டும் கண்ணுக்குத் தெரியாதது: பொருளும் அதன் விவரமும் பிரிந்துபோவது. பொருளில் ஒரு கீறல்கூட இருக்காது. யாருடையது, எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தார்கள் என்பது மட்டும் போயிருக்கும். பயிற்சி மாணவர் தீயை அணைக்கப் போவதில்லை, திருடனைப் பிடிக்கப் போவதும் இல்லை. ஆனால் இந்தப் பிரிவை அவரால் தடுக்கவும் முடியும், அறியாமல் உண்டாக்கவும் முடியும். நான் உண்டாக்கியிருக்கிறேன், கீழே சொல்கிறேன்.

படி 1: இடம் கேட்பது

பெரிய அருங்காட்சியகங்களில் விண்ணப்பத் தேதி, படிவம் எல்லாம் இருக்கும், போட்டியும் இருக்கும். சிறிய உள்ளூர் அருங்காட்சியகம், நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவு, பழைய பள்ளி அல்லது தொழிற்சாலையின் ஆவண அறை போன்றவற்றில் அறிவிப்பே வராது, நாமாகத்தான் கேட்க வேண்டும். என் கருத்தில் முதல்முறை போகிறவருக்குச் சிறிய இடமே மேல். பெரிய இடத்தில் ஒரு வேலையை மட்டும் செய்துவிட்டு வருவீர்கள். சிறிய இடத்தில் பெட்டியைத் திறப்பதிலிருந்து காட்சி அட்டை எழுதுவது வரை எல்லாம் கைக்கு வரும்.

மெயில் சுருக்கமாக இருக்கட்டும். "எனக்கு வரலாற்றில் மிகுந்த ஆர்வம்" என்ற வரியை எல்லோரும் எழுதுகிறார்கள், அது காப்பாட்சியருக்கு எதையும் சொல்லாது. எத்தனை வாரம், வாரத்துக்கு எத்தனை நாள் வர முடியும், எந்தெந்த மொழி வாசிக்கத் தெரியும், பழைய கையெழுத்து பழக்கமா, எக்செல் தெரியுமா என்பதை எழுதுங்கள். பழைய கையெழுத்தைத் தடுமாறாமல் வாசிப்பவரை எந்த ஆவண அறையும் எளிதில் விடாது.

ஒப்புக்கொள்வதற்கு முன் மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்: உதவித்தொகை உண்டா, மேற்பார்வை யார், முடிவில் நான் முடித்துக் கொடுக்க வேண்டியது என்ன. கடைசிக் கேள்விதான் முக்கியம். "வந்து உதவுங்கள்" என்றால் எட்டு வாரமும் நகல் எடுத்தே போய்விடும். "இந்தப் பெட்டியில் உள்ள 120 புகைப்படங்களுக்குப் பதிவு" என்றால் அது வேலை. ஒரு பொருளை அளந்து, படமெடுத்து, எழுதி முடிக்க ஆரம்பத்தில் அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். அதைக் கணக்கில் வைத்து எண்ணிக்கையைப் பேசிக்கொள்ளுங்கள்.

படி 2: கை, பென்சில், மேசை

பேனா வேண்டாம், பென்சில் மட்டும். மைத்துளி ஒன்று விழுந்தால் திரும்ப எடுக்க முடியாது. தண்ணீர் பாட்டில், டீ எல்லாம் வெளியே. மோதிரம், தொங்கும் அடையாள அட்டை, நீளமான சங்கிலி ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள்.

வெள்ளைப் பருத்திக் கையுறை சினிமாவில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் காகிதத்துக்கு அது ஆகாது. விரல் உணர்வு போய், பக்கத்தின் ஓரம் கிழியும். கழுவி நன்றாக உலர்த்திய வெறுங்கையே போதும். உலோகத்துக்கும் புகைப்படத்துக்கும் மட்டும் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை, ஏனென்றால் விரல் வியர்வையின் உப்பு அவற்றில் தடம் பதித்துவிடும். பாடம் செய்த பழைய பறவை, விலங்குகளைக் கேட்காமல் தொடவே கூடாது. அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமல் இருக்க ஆர்சனிக் பூசுவது வழக்கம்.

எதையும் கைப்பிடியைப் பிடித்துத் தூக்காதீர்கள். கைப்பிடி பொருத்தப்பட்டது அதற்காகத்தான் என்றாலும், நூறு வருடத்துக்கு அப்புறம் முதலில் கழன்று வருவதும் அதுதான். அடியில் ஒரு கை, பக்கவாட்டில் ஒரு கை. தூக்குவதற்கு முன்பே வைக்கப்போகும் இடம் காலியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சத்திலும் கவனம் வேண்டும். காகிதம், துணி, நீர்வண்ணம் போன்றவற்றுக்குக் காட்சியில் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்பது பொதுவான வரம்பு. வெளிச்சத்தால் போன நிறம் திரும்பாது, சேதம் சேர்ந்துகொண்டே போகும். எனவே வேலை முடிந்த பக்கத்தை மூடி வையுங்கள்.

டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் உள்ளே அசிடேட் பிலிம் சிதைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதைவிடப் பழைய நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றும். கோடாக் அதன் தயாரிப்பை நிறுத்தியது 1951-இல். அதற்கு முந்தைய நெகட்டிவ் என்று சந்தேகம் வந்தால் மூடி வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். பக்கங்களுக்கு நடுவே ராமபாணப் பூச்சி ஓடினாலும் அப்படித்தான். அந்தப் பெட்டியை மற்றவற்றிலிருந்து உடனே தள்ளி வைத்துவிட்டுச் சொல்லுங்கள்.

படி 3: ஒழுங்குபடுத்தாதீர்கள்

என் முதல் பயிற்சியில் ஒரு தகரப்பெட்டி நிறையக் கடிதங்கள் கொடுத்தார்கள். சிறுசிறு கட்டுகளாக நூலால் கட்டியிருந்தன. பிரித்துப் பார்த்தால் தேதி முன்னும் பின்னுமாக இருந்தது. உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் தேதிப்படி அடுக்கினேன், நூல்களைக் குப்பையில் போட்டேன். மூன்றாம் நாள் காப்பாட்சியர் வந்து பார்த்தார். திட்டவில்லை. "எது எதோட இருந்துச்சும்மா?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வைத்திருந்தவர் ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு கட்டு என்று போட்டிருக்கிறார் என்பது கடிதங்களை வாசித்த பிறகுதான் புரிந்தது. சிலவற்றை உள்ளடக்கத்தை வைத்துத் திரும்பச் சேர்த்தோம். தேதியும் பெயரும் இல்லாத துண்டுச்சீட்டுகள் எந்தக் கட்டைச் சேர்ந்தவை என்பது போனது போனதுதான்.

ஆவணத்துறையில் இதற்கு நெடுநாள் விதி இருக்கிறது. ஒருவரிடமிருந்து வந்த ஆவணங்களை இன்னொருவருடையதோடு கலக்காதே என்பதை பிரான்சில் 1841-லேயே நடைமுறையாக்கினார்கள். அந்தத் தொகுப்புக்குள்ளும் அவரவர் வைத்த வரிசையைக் கலைக்காதே என்பதை 1898-இல் நெதர்லாந்து ஆவணக்காப்பாளர்கள் மூவர் தங்கள் கையேட்டில் அழுத்தமாக எழுதினார்கள். எனவே பெட்டியைத் திறந்ததும் முதல் வேலை போட்டோ. மேலடுக்கை அப்படியே ஒரு படம், ஒவ்வொரு அடுக்கு எடுக்கும்போதும் ஒரு படம். கட்டு, உறை, ஒட்டிய துண்டுச்சீட்டு, பெட்டி மூடியில் யாரோ சுண்ணக்கட்டியால் கிறுக்கிய எண் எல்லாம் விவரம்தான். துருப்பிடித்த குண்டூசி, மஞ்சளித்த செலோ டேப் ஆகியவற்றை நீங்களாக எடுக்க வேண்டாம். எடுக்கத் தெரிந்தவர் எடுக்கட்டும்.

படி 4: எண்

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே எண், ஒரு எண்ணுக்கு ஒரே பொருள். பரவலாகப் பயன்படும் முறையில் 2024.7.3 என்றால் 2024-ஆம் ஆண்டு சேர்ந்த ஏழாவது தொகுப்பின் மூன்றாவது பொருள். பெட்டியும் மூடியும் தனித்தனியாகக் கழலும் என்றால் இரண்டிலும் எண் வேண்டும், கடைசியில் அ, ஆ என்று பிரித்துக்கொள்ளலாம். மூடிகள்தான் முதலில் காணாமல் போகும்.

எண்ணை எங்கே, எப்படி எழுதுவது என்பது பொருளைப் பொறுத்தது. காகிதத்தில் பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சில், அழுத்தாமல். துணிக்கு, பருத்தி நாடாவில் எழுதி இரண்டு மூன்று தையல். உலோகம், பீங்கான் போன்றவற்றில் பாரலாய்டு பி-72 என்ற பிசினை மெல்லியதாகப் பூசி, காய்ந்ததும் அதன்மேல் எழுதி, மேலே இன்னொரு பூச்சு. பின்னால் அசிட்டோனால் துடைத்தால் எண் பொருளில் தடமில்லாமல் வந்துவிடும். பிளாஸ்டிக்கில் இதைச் செய்யாதீர்கள், அசிட்டோன் பல பிளாஸ்டிக்குகளைக் கரைத்துவிடும். அதற்கு எண் எழுதிய அட்டையை நூலில் கட்டித் தொங்கவிடுவதோடு சரி.

பதிவேட்டில் ஏற்கெனவே ஒரு பழைய எண் இருந்தால் அதை அழிக்காதீர்கள். புதிய எண்ணுக்குப் பக்கத்தில் "பழைய எண்" என்று குறித்து வையுங்கள். முப்பது வருடத்துக்கு முந்தைய கடிதக் கோப்பு அந்த எண்ணில்தான் இருக்கும்.

படி 5: விவரக்குறிப்பு எழுதுவது

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். 1997-இல் வெளியாகி இப்போது சர்வதேச அருங்காட்சியகப் பேரவையின் பொறுப்பில் இருக்கும் 'ஆப்ஜெக்ட் ஐடி' என்ற தரநிலை, திருட்டுப் போன கலைப்பொருளை அடையாளம் காண்பதற்காக உருவானது. புகைப்படம், பொருளின் வகை, மூலப்பொருள், அளவு, எழுத்துகளும் குறிகளும், தனி அடையாளங்கள், காலம், செய்தவர் என்று அது கேட்கும். என் பழக்கம், அந்தப் பொருளைப் பார்த்தே இராத ஒரு போலீஸ்காரருக்குப் போனில் சொல்வதாக நினைத்துக்கொண்டு எழுதுவது. இதேபோல ஐம்பது பொருட்கள் கிடக்கும் குவியலிலிருந்து இதை மட்டும் அவர் எடுத்துத் தர வேண்டும்.

ஒரு கத்தரிக்கோலை எடுத்துக்கொள்வோம். புதிதாக வருபவர் இப்படி எழுதுவார்: "பழைமையான அழகிய கத்தரிக்கோல், சுமார் 1900, தையற்காரர் பயன்படுத்தியது." இதில் பார்த்தது எது, கேட்டது எது, ஊகித்தது எது? ஒன்றும் தெரியாது. மாற்றி எழுதுவோம்:

"இரும்புக் கத்தரிக்கோல். நீளம் 27.4 செ.மீ. கைப்பிடியில் கறுப்பு வண்ணம், பல இடங்களில் உரிந்துள்ளது. பெரிய வளையத்தில் துணி நாடா சுற்றப்பட்டுள்ளது, நாடாவின் உட்புறம் தேய்ந்து பளபளப்பாக உள்ளது. திருகுக்கு அருகே ஐந்து எழுத்துகள் பொறிப்பு, நடு இரண்டு வாசிக்க முடியவில்லை. ஓர் அலகின் நுனி சுமார் 3 மி.மீ. ஒடிந்துள்ளது."

அதன் கீழே தனியாக: "கொடுத்தவர் கூற்று: தாத்தாவின் தையற்கடையில் இருந்தது." அதற்கும் கீழே, பதிவு செய்பவரின் ஊகம், பெயர் சுருக்கம், தேதி.

அந்த நாடாவைக் கவனியுங்கள். அழுக்குத் துணி என்று கழற்றிப் போட்டிருந்தால், நாள் முழுக்க வெட்டியதில் விரல்கள் காய்த்துப்போன ஒரு மனிதர் அதோடு போயிருப்பார். "அழகிய", "அரிய", "பழைமையான" என்ற மூன்று சொற்களையும் எழுத்திலிருந்து எடுத்துவிடுங்கள். நிலையைச் சொல்லும்போதும் "நன்று" என்று எழுதுவதில் பயனில்லை. எங்கே விரிசல், எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதினால்தான் அடுத்த வருடம் பார்ப்பவருக்கு அது வளர்ந்திருக்கிறதா என்று தெரியும்.

படி 6: பொருளிலிருந்து ஊருக்கு

காலம் கணிக்கும்போது, "இதற்கு முன் இருக்க முடியாது" என்ற எல்லையை முதலில் தேடுங்கள். பால்பாயின்ட் பேனா கடைகளுக்கு வந்தது 1940-களில். 1925 என்று சொல்லப்படும் நாட்குறிப்பு அந்தப் பேனாவில் எழுதியிருந்தால் அது பின்னால் எடுத்த நகல், அல்லது தேதி தப்பு. அதேசமயம் புகைப்படத்தின் பின்னால் பால்பாயின்ட்டில் பெயர் இருந்தால் படமே பிந்தியது என்று முடிவு கட்டாதீர்கள். ஐம்பது வருடம் கழித்து பேத்தி எழுதியிருக்கலாம். எழுத்துக்கு ஒரு வயது, படத்துக்கு ஒரு வயது.

பெயரோ முகவரியோ கிடைத்தால் அடுத்து வாக்காளர் பட்டியல், நிலப் பதிவேடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பழைய செய்தித்தாள், கல்லறைக் கல். ஒரு சான்றை மட்டும் நம்பி எழுதாதீர்கள். தேடியும் கிடைக்காத இடத்தையும் குறித்து வையுங்கள், "இந்தப் பதிவேடு, இந்த ஆண்டுகள் பார்த்தாயிற்று, இல்லை" என்று. அடுத்து வருபவருக்கு ஒரு வாரம் மிச்சம்.

பெரியவர்களிடம் பேசப் போகும்போது அனுமதிப் படிவத்தை முதலில் விளக்கிக் கையெழுத்து வாங்குங்கள். எந்தப் பகுதியை வெளியிடக் கூடாது என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு. போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, முடிந்தால் ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பாகப் பதியுங்கள். "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்றுதான் பதில் வரும். பொருளின் படத்தைக் கையில் கொடுத்து, "இதை எந்தக் கையில பிடிப்பாங்க பாட்டி?" என்று கேளுங்கள். பதில் சொல்லி முடித்த பிறகும் ஐந்து நொடி சும்மா இருங்கள். அந்த மௌனத்துக்குப் பிறகு வருவதைக் கேட்கத்தான் போயிருக்கிறீர்கள்.

படி 7: ஒப்படைப்பு

கடைசி வாரத்தில் புதிய பெட்டி எதையும் திறக்காதீர்கள். படக் கோப்புகளுக்கு அந்தந்தப் பொருளின் எண்ணையே பெயராக வையுங்கள், உங்கள் போனில் மட்டும் இருப்பவற்றை அங்கே ஏற்றுங்கள். மூலப்படம் தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாக இருந்தால் நல்லது, பகிர்வதற்கு அளவில் சிறிய ஜேபெக் (JPEG). எக்செல் தாளில் நீங்கள் பயன்படுத்திய சுருக்கங்களுக்கு ஒரு விளக்கத் தாள் சேருங்கள். "அடு. 3" என்றால் அடுக்கா, அடுத்ததா என்று ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது.

பிறகு ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்: முடியாதவை. எந்தெந்த எண்களுக்கு அளவு எடுக்கவில்லை, எதில் இரண்டு பேர் சொன்னது முரண்படுகிறது, எந்த இரண்டு பொருட்கள் இடம் மாறியிருக்கலாம் என்று சந்தேகம். கூச்சப்படாமல் எழுதுங்கள். அதை அச்செடுத்து, தேதி போட்டு, மெயிலில் ஒன்று அனுப்பிவிட்டு, இன்னொன்றை அந்தப் பெட்டிக்குள்ளேயே மேலாக வைத்து மூடுங்கள்.