முதல் காருக்கு ஜி.பி.எஸ்.: ரொறன்ரோ வீதிகளுக்கு எது போதும்?

கார் வாங்கியாயிற்று, இன்சூரன்ஸும் போட்டாயிற்று. அடுத்து வரும் கேள்வி: தனியாக ஒரு ஜி.பி.எஸ். கருவி வேண்டுமா, போனே போதாதா?

பலருக்குப் போன் போதும். ரொறன்ரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் எல்லைக்குள் வேலைக்கும் கடைக்கும் போய்வருகிறவர் போனுக்கு நல்லதொரு பிடி வாங்கி, வீட்டு வைஃபையில் ஒன்ராறியோ வரைபடத்தை இறக்கி வைத்தால் காரியம் முடிந்தது. காசு மிச்சம். தனிக்கருவி தேவைப்படுவது வேறு சிலருக்கு. நாள் முழுக்க டெலிவரி ஓடுகிறவர் ஒருவர்: கோடை வெயிலில் கண்ணாடியோரம் வைத்த போன் சூடேறி அணைந்துவிடும், வரும் அழைப்பு சரியாகத் திரும்ப வேண்டிய இடத்தில் வரைபடத்தை மறைக்கும். அல்கொன்குயின் பூங்கா வழியாகப் போகும் 60ஆம் இலக்க ஹைவேயிலும், வடக்கே 11, 17 ஆகியவற்றிலும் போகிறவர் இன்னொருவர்: அங்கே நீண்ட தூரத்துக்குப் போன் சிக்னல் இராது. அம்மா, அப்பா, பிள்ளைகள் என்று மூன்று பேர் மாறி மாறி ஓடும் கார் என்றாலும் கருவி காரோடு கிடப்பது நல்லது.

புதிதாக லைசன்ஸ் எடுத்தவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒன்ராறியோவில் ஓடும்போது போனைக் கையில் எடுத்துப் பிடிபட்டால், முழு லைசன்ஸ் உள்ளவருக்கு முதல் தடவை 615 டொலர் தண்டம், 3 குற்றப் புள்ளிகள், 3 நாள் லைசன்ஸ் தடை. வழக்காடித் தோற்றால் தண்டம் 1,000 வரை ஏறலாம். ஜி1 (பழகும் லைசன்ஸ்), ஜி2 (இடைநிலை லைசன்ஸ்) காரருக்குப் புள்ளி இல்லை, ஆனால் தடை 30 நாள். இரண்டாம் தடவை 90 நாள். மூன்றாவதில் லைசன்ஸே இரத்து, மீண்டும் அடியிலிருந்து தொடங்க வேண்டும். உறுதியாகப் பொருத்திய ஜி.பி.எஸ். திரையைப் பார்ப்பது குற்றமில்லை. ஓடிக்கொண்டே அதில் முகவரி தட்டுவது குற்றம், சிவப்பு விளக்கில் நிற்கும்போது தட்டினாலும் அதேதான். தனிக்கருவியில் வாட்ஸ்அப் வந்து விழாது என்பதால் கையும் தானாக அடங்கும்.

வாங்கும்போது

புதிய 5 அங்குலக் கருவி ஏறத்தாழ 200 டொலர், அதோடு 13 வீதம் எச்.எஸ்.ரி. ஆரம்பநிலைக்கு அந்த அளவு போதும். 7 அங்குலம் கடையில் கவர்ச்சியாகத் தெரியும், சின்னக் காரின் முன்கண்ணாடியில் மாட்டினால் வலப்பக்கம் நடந்து வருகிறவரை மறைக்கும்.

பெட்டியில் தேட வேண்டியவை மூன்று. முதலாவது, லேன் காட்டும் வசதி: சந்திப்பு நெருங்கும்போது எந்த லேனில் நிற்க வேண்டும் என்று அம்புக்குறியோடு படம் வர வேண்டும். 401 ஹைவேயில் ஓடுகிறவருக்கு இது இல்லாத கருவி பாதிக் கருவிதான். இரண்டாவது, வீதியின் பெயரை வாய்விட்டுச் சொல்லும் குரல். முன்பே பதிந்து வைத்த குரல் "வலப்பக்கம் திரும்பவும்" என்று மட்டும் சொல்லும், எழுத்தை வாசிக்கும் குரல்தான் "மக்கவன் வீதியில் வலப்பக்கம்" என்று சொல்லும். ஒரே கருவியில் இரண்டு வகைக் குரலும் இருக்கலாம், செட்டிங்ஸில் சரியானதைத் தெரிவுசெய்ய வேண்டும். மூன்றாவது, கனடா, அமெரிக்கா இரண்டின் வரைபடமும் மேலதிகக் கட்டணமின்றிப் புதுப்பிக்கும் உரிமையும். பஃபலோவுக்கோ டிட்ரொயிட்டுக்கோ ஒரு நாள் போகத்தான் போகிறீர்கள்.

போக்குவரத்து நெரிசல் தகவலை நாங்கள் நாலாவது இடத்தில்தான் வைப்போம். மலிவான கருவிகளில் அது பெரும்பாலும் போனோடு இணைத்தால் வரும், அல்லது காரில் செருகும் பவர் வயருக்குள்ளேயே இருக்கும் ரேடியோ ரிசீவர் மூலம் வரும். இரண்டாவது வகையில் அந்த வயர் தொலைந்தால் நெரிசல் தகவலும் தொலைந்தது, சாதாரண வயர் போட்டால் கருவி ஓடும், நெரிசல் மட்டும் தெரியாது.

பாவித்த கருவி என்றால்

கார்மின் நிறுவனத்தின் பழைய நூவி வகைகள் கராஜ் சேல்களில் இருபது, முப்பது டொலருக்குக் கிடைக்கும். வாங்கலாம், ஆனால் விற்பவர் வீட்டு வாசலிலேயே கால் மணித்தியாலம் செலவழித்துப் பாருங்கள்.

வானம் தெரியும் இடத்தில் போட்டு, இடத்தைப் பிடித்ததும் திகதியைப் பாருங்கள். ஜி.பி.எஸ். செய்மதிகள் வாரத்தை 1,024 வரைதான் எண்ணும், பிறகு பூச்சியத்துக்குத் திரும்பும். கடைசியாக அப்படித் திரும்பியது 2019 ஏப்ரல் 6. அதற்குப் பிறகு மென்பொருள் புதுப்பிக்காத சில கருவிகள் ஏறத்தாழ இருபது வருடம் பின்னுக்குப் போய் நிற்கும். இடம் சரியாக இருந்தாலும், போய்ச் சேரும் நேரத்தை நம்ப முடியாது.

அடுத்து செட்டிங்ஸில் வரைபடத்தின் ஆண்டு. பழைய வரைபடத்தால் ரொறன்ரோவில் வரும் வில்லங்கம் சின்னதல்ல. கிங் வீதியில் பாதர்ஸ்ட் முதல் ஜார்விஸ் வரை 2017 முதல் ஸ்ட்ரீட்காருக்குத்தான் முன்னுரிமை, பெரும்பாலான சந்திப்புகளில் கார் நேரே போக முடியாது, வலப்பக்கம் திரும்பியே ஆக வேண்டும். பழைய கருவி நேரே போகச் சொல்லும், பொலிஸ் தண்டம் எழுதும். 412, 418 ஹைவேகளில் சுங்கம் 2022 ஏப்ரலில் நீங்கியது. 407இல் பிக்கரிங் புரொக் வீதிக்குக் கிழக்கே மாகாண அரசின் பகுதியில் 2025 ஜூன் முதலாம் திகதி நீங்கியது. இவை தெரியாத வரைபடம், சும்மா போகக்கூடிய ஹைவேயை விட்டு உங்களை உள்வீதிகளில் சுற்றவைக்கும்.

"வாழ்நாள் வரைபடம்" என்று பெட்டியில் இருப்பது கருவியின் வாழ்நாளைத்தான் குறிக்கும், உங்களுடையதை அல்ல. அந்த உரிமை வேறு கருவிக்கு மாறாது. புதுப்பிக்க வீட்டுக் கணினியில் கார்மின் எக்ஸ்பிரஸ் என்ற மென்பொருளைப் போட்டு வயரால் இணைக்க வேண்டும். பழைய கருவியின் உள்நினைவகத்தில் இப்போதைய வட அமெரிக்க வரைபடம் முழுதாக அடங்காமல் போகலாம், அப்படியானால் பக்கத்திலுள்ள துளையில் ஒரு மெமரி கார்ட் போட வேண்டும். துளை இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

கடைசியாக வயரை உருவிப் பாருங்கள். இரண்டே நிமிடத்தில் அணைந்தால் பற்றறி செத்துவிட்டது. காரில் எப்போதும் செருகியே வைப்பவருக்கு அது பெரிய குறையில்லை, விலையைக் குறைத்துக் கேட்க ஒரு சாட்டு. இன்னொன்று: கணினியோடு இணைக்கும் வயரைக் காரில் பாவித்தால் சில கருவிகள் தாங்கள் கணினியில் இருப்பதாக நினைத்து, ஒரு கணினிப் படத்தைக் காட்டியபடி நின்றுவிடும். கருவி பழுது இல்லை, வயர் பிழை.

வீட்டில் வைத்துச் செய்ய வேண்டியவை

அலகு கிலோமீட்டரா என்று பாருங்கள். அமெரிக்காவில் வாங்கிய கருவி மைலில் பேசும். வழியைத் தெரிவுசெய்யும் முறையில் "குறைந்த நேரம்" என்பதை வையுங்கள், "குறைந்த தூரம்" வைத்தால் நாலு மூலைக்கும் ஸ்டொப் பலகை உள்ள குடியிருப்பு வீதிகளுக்குள் இழுத்துப் போகும். மண்வீதிகளைத் தவிர் என்பதையும் போட்டுவிடுங்கள். வடக்கே கொட்டேஜ் பக்கம் பனிக்காலத்தில் ஸ்நோ தள்ளாத வீதிகள் உண்டு, "பனிக்காலப் பராமரிப்பு இல்லை" என்ற பலகையைத் தாண்டி ஜி.பி.எஸ். போகச் சொன்னாலும் போகாதீர்கள்.

சுங்கத்தைத் தவிர் என்பது 407இன் சுங்கமுள்ள பகுதிக்காக. அங்கே நின்று காசு கொடுக்கும் சாவடி கிடையாது. கமரா இலக்கத்தகட்டைப் படமெடுக்கும், பில் தபாலில் வரும், டிரான்ஸ்பொண்டர் (காரில் ஒட்டி வைக்கும் சுங்கக் கருவி) இல்லையென்றால் ஒவ்வொரு பயணத்துக்கும் கமராக் கட்டணமும் சேரும். மாமாவின் காரை இரவல் வாங்கிப் போனால் பில் மாமா வீட்டுக்குப் போகும். கட்டாமல் விட்டால் இலக்கத்தகட்டைப் புதுப்பிக்கும்போது மறிப்பார்கள்.

ஜி1இல் பழகுகிறவர் "ஹைவேயைத் தவிர்" என்பதையும் போட வேண்டும். ஓட்டுநர் பயிற்றுநர் பக்கத்தில் இல்லாமல் 400 வரிசை ஹைவேகளிலோ டொன் வெலி பார்க்வே, கார்டினர் போன்ற வேகவீதிகளிலோ ஜி1காரர் ஏறக்கூடாது. கருவிக்கு உங்கள் லைசன்ஸ் என்னவென்று தெரியாது.

கார்மின் கருவிகளில் ஜி.பி.எஸ். சிமியுலேட்டர் என்றொரு தெரிவு உண்டு. அதைப் போட்டால் சமையலறை மேசையில் இருந்தபடியே முழுப் பயணத்தையும் ஓட்டிப் பார்க்கலாம். புதிய வேலைத்தலத்துக்கு முதல் நாள் போவதற்கு முந்தின இரவு இதைச் செய்தால் எந்த எக்ஸிட், எந்தப் பக்கம் என்பது மனதில் பதிந்துவிடும். காலையில் மறக்காமல் அதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கார் நின்ற இடத்தில் நிற்க, திரையில் மட்டும் ஓடும்.

முகவரி போடும்போது

பாதிப் பிரச்சினை இங்கேதான். கனடாவில் "12-2500 எக்ளிங்டன்" என்று எழுதினால் 12 என்பது கடை அல்லது வீட்டு அலகு, 2500தான் கட்டடம். கருவிக்கு 2500 மட்டும் கொடுங்கள். எக்ளிங்டன், ஃபிஞ்ச், லோரன்ஸ் போன்ற வீதிகள் யங் வீதியில் கிழக்கு, மேற்கு என்று பிரியும். ஒரே இலக்கம் இரண்டு பக்கமும் இருக்கும், பிழையானதைத் தொட்டால் ஸ்காபரோவுக்குப் பதிலாக நகரத்தின் மறுமுனையில் நிற்பீர்கள். ஸ்காபரோ, நோத் யோர்க், எடோபிகோ எல்லாம் 1998இல் ரொறன்ரோவோடு இணைந்தவை. அதனால் ஒரு முகவரி ஸ்காபரோ என்று போட்டால் வராமல், ரொறன்ரோ என்று போட்டால் வரலாம். மார்க்கம் ரோட் ஸ்காபரோவில், மார்க்கம் ஸ்ட்ரீட் டவுன்ரவுனில். இரண்டுக்கும் மார்க்கம் நகரமே வேறு.

தபால் குறியீட்டைக் கொடுப்பது பாதுகாப்பு. எம் (M) எழுத்தில் தொடங்கினால் ரொறன்ரோ, எல் (L) எழுத்தில் தொடங்கினால் மார்க்கம், பிக்கரிங், மிசிசாகா, பிரம்டன் போன்ற சுற்றுவட்டாரம். கனேடியக் குறியீட்டில் ஓ என்ற எழுத்தே கிடையாது, வட்டமாகத் தெரிவது எப்போதும் பூச்சியம்.

குரல் சொல்வதும் பலகையில் உள்ளதும் பொருந்தாமல் தெரியும். யங் என்று கேட்பதைப் பலகையில் "யொஞ்ச்" என்று வாசிக்கத் தோன்றும், எடோபிகோவின் கடைசியில் எழுதப்படும் 'கே' (k) வாயில் வராது. ஹைவேயில் பெயரைவிட எக்ஸிட் இலக்கத்தைக் கவனிப்பது லேசு. 401இன் எக்ஸிட் இலக்கம் மேற்கே வின்ட்சர் பக்கத்திலிருந்து எண்ணும் கிலோமீட்டர், கிழக்கே போகப் போகக் கூடும். 375ஐத் தாண்டிவிட்டீர்கள், உங்கள் எக்ஸிட் 383 என்றால் இன்னும் எட்டுக் கிலோமீட்டர் இருக்கிறது.

கருவி பிழைக்கும் இடங்கள்

ரொறன்ரோவுக்குள் 401 ஒரே திசையிலேயே இரண்டாகப் பிரியும்: நடுவே எக்ஸ்பிரஸ், ஓரத்தில் கலெக்டர். பெரும்பாலான எக்ஸிட்டுகள் கலெக்டரிலிருந்துதான். ஜி.பி.எஸ். சில மீட்டர் முன்பின்னாகத்தான் இடத்தைச் சொல்லும், பிறகு வரைபடத்தில் கிட்டவுள்ள வீதியோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு பாதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும்போது நீங்கள் எதில் நிற்கிறீர்கள் என்பதில் அது தடுமாறும். மேலே தொங்கும் பலகையின் நிறத்தைப் பாருங்கள்: பச்சை என்றால் எக்ஸ்பிரஸ், நீலம் என்றால் கலெக்டர். கருவி ஒன்று சொல்லி, பலகை வேறு சொன்னால் பலகையைக் கேளுங்கள். எக்ஸிட்டைத் தவறவிட்டால் பின்னுக்கு எடுக்கவோ கோட்டைத் தாண்டி வெட்டவோ வேண்டாம், அடுத்ததில் இறங்கினால் கருவி தானே வழியை மாற்றும்.

கார்டினர் தூண்களில் மேலே போகிறது, அதன் அடியில் நீண்ட தூரத்துக்கு லேக் ஷோர் ஓடுகிறது. மேலே, கீழே என்பது கருவிக்குத் தெளிவாகத் தெரியாது, கீழே வானமும் மறையும். லேக் ஷோரில் சிக்னலுக்கு நிற்கும்போது "500 மீட்டரில் எக்ஸிட்" என்று சொன்னால் அது உங்களை மேலே வைத்திருக்கிறது. திரையில் காட்டும் வீதிப் பெயரைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கொண்டோவின் நிலக்கீழ்த் தரிப்பிடத்திலிருந்து வெளியே வந்ததும் திரை சும்மா நிற்பதும் பழுது அல்ல. குறைந்தது நான்கு செய்மதிகளைப் பிடித்தால்தான் இடம் தெரியும், ஒவ்வொன்றும் தன் பாதை விபரத்தை அனுப்ப ஏறத்தாழ 30 விநாடி எடுக்கும், அந்த விபரம் சில மணித்தியாலத்தில் பழசாகிவிடும். போன் அதை இணையத்தில் எடுத்துவிடும், தனிக்கருவி வானத்திலிருந்து கேட்டே ஆக வேண்டும். உயரக் கட்டடங்களுக்கு நடுவே ஓடிக்கொண்டு தேடினால் இன்னும் இழுபடும். வெளியே ஓரமாக ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள். பெட்டியைப் பிரித்த முதல் நாள் திறந்த தரிப்பிடத்தில் சில நிமிடம் அசையாமல் வையுங்கள்.

பனிக்காலம்

கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் கிண்ணம் குளிரில் விறைத்து, ஓடும்போது படாரென்று விழும். ஹீட்டர் போட்டுக் கண்ணாடி சூடான பிறகு, அந்த இடத்தை ஆல்கஹோல் துணியால் துடைத்து, கிண்ணத்தை வெந்நீரில் நனைத்துத் துடைத்து அழுத்துங்கள். வைப்பரின் எல்லைக்குள், ஆனால் கண்ணாடியின் கீழ் மூலையில் இருக்கட்டும்.

லிதியம் பற்றறி பூச்சியம் பாகைக்குக் கீழே சார்ஜ் ஏறக்கூடாது. இரவில் காரில் கிடந்த கருவியைக் காலையில் உடனே செருகாமல், கார் சூடான பிறகு செருகுங்கள். அதைவிட, இரவில் வீட்டுக்குள் எடுத்துப் போவதே நல்லது: களவும் போகாது. எடுக்கும்போது கண்ணாடியிலுள்ள வட்ட அடையாளத்தையும் துடையுங்கள், அதைப் பார்த்துத்தான் களவெடுப்பவன் உள்ளே கருவி இருக்கிறது என்று கண்ணாடியை உடைக்கிறான். "வீடு" என்ற இடத்தில் உங்கள் கதவிலக்கத்தைப் போடாமல் பக்கத்துப் பெற்றோல் நிலையத்தைப் போடுங்கள். கருவி போனாலும் வீட்டு விலாசம் அவனோடு போகாது.