பால்தான் காரணமா? நான் சோதித்த விதம்

அடிக்கடி வயிறு உப்பும். ஆளுக்கொரு உணவைத் தவிர்க்கச் சொன்னார்கள். 2015-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 800 பேரை ஆராய்ந்தபோது, ஒரே உணவுக்கு ரத்தச் சர்க்கரை ஆளுக்கு ஆள் வெவ்வேறாக ஏறியது. சரி, என் உடம்பையே கேட்போம் என்று பாலை நிறுத்தினேன். உப்புசம் குறைந்தது. இது மட்டும் போதாது, எதிர்பார்ப்பே வயிற்றை மாற்றும்.

அப்புறம் சாதாரணப் பாலையும், லாக்டோஸ் (பாலில் இயல்பாகவே உள்ள சர்க்கரை) நீக்கிய பாலையும் எது எதுவென்று சொல்லாமல் வீட்டில் மாற்றி மாற்றித் தந்தார்கள். லாக்டோஸ் நீக்கிய பால், அந்தச் சர்க்கரை எளிய சர்க்கரைகளாகப் பிளவுபட்டிருப்பதால், கூடுதலாக இனிக்கும், நாக்கு கண்டுபிடித்துவிடும். அதனால் இரண்டிலும் சர்க்கரையும் காபியும் தூக்கலாகக் கலந்தோம். எந்த நாளில் எந்தப் பால் என்று எழுதிவைத்த குறிப்பேட்டைத் திறந்து பார்த்தால், சாதாரணப் பால் குடித்த நாட்களில்தான் உப்புசம். இப்போது லாக்டோஸ் நீக்கியதையே குடிக்கிறேன், நிம்மதி. மற்ற உணவுகளைப் பற்றி இந்தச் சோதனை எதுவும் சொல்லாது.