உணவுக்குழாயின் மழமழப்பான தசைக் கட்டி: கண்டறிதலும் அகற்றுதலும்

படுவான்கரையிலிருந்து வரும் ஒருவர் "சோறு நெஞ்சுக்குள்ள அடைக்குது, டொக்டர்" என்றால், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் பயிலும் இளம் வைத்தியர் முதலில் புற்றுநோயையே சந்தேகிக்க வேண்டும். வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் வழக்கமுள்ள நம் பகுதியில் அதை விலக்காமல் அடுத்ததற்குச் செல்வது முறையாகாது. எனினும், சிரமம் ஆண்டுக்கணக்கில் மெதுவாகக் கூடி, உடல் எடை குறையாதிருந்தால், மழமழப்பான தசையிலிருந்து தோன்றும் லியோமயோமா என்னும் தீங்கற்ற கட்டியையும் கருத வேண்டும். உணவுக்குழாயின் மேற்பகுதி பெரும்பாலும் வன்கூட்டுத்தசையால் ஆனது என்பதால், இக்கட்டி நடுப்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலுமே மிகுதியாகத் தோன்றும்.

எண்டோஸ்கோப்பியில், உள்ளே புடைத்திருக்கும் மேட்டின் மீது சீதமென்சவ்வு சிதையாமல், வழுவழுப்பாக, நகரக்கூடியதாகத் தெரிந்தால், அங்கே இடுக்கியால் கிள்ளி மாதிரி எடுக்கக் கூடாது. இடுக்கி பெரும்பாலும் மென்சவ்வைத்தான் எட்டும். கட்டி அதற்கு அடியில், தசைப்படையில் இருக்கிறது. விடை கிடைக்காததோடு, ஆறும் தழும்பு மென்சவ்வைக் கட்டியுடன் ஒட்டவைப்பதால், பின்னர் சத்திரசிகிச்சையில் அது கிழியும் ஆபத்தும் கூடுகிறது. மென்சவ்வில் புண் காணப்பட்டால் மாத்திரம் இந்த விதி பொருந்தாது. அப்போது மாதிரி கட்டாயம். சவ்வு சிதையாதவரை, எண்டோஸ்கோப்பி வழிக் கழியொலி (அல்ட்ராசவுண்ட்) பரிசோதனைக்கு நோயாளியை அனுப்புவதே சரி. அதில் சுவரின் நான்காம் படையான தசைப்படையில், சீரான கருமையுடன், தெளிவான எல்லையோடு கட்டி தெரியும். சி.டி. ஸ்கேன் அதன் பரப்பையும் அயல் உறுப்புகளையும் காட்டும்.

அறிகுறியற்ற சிறு கட்டியைக் கண்காணித்தாலே போதும். அறிகுறி தருவதையும், வளர்வதையும், 5 சென்ரிமீற்றரைத் தாண்டியதையும் அகற்ற வேண்டும்: நடுப்பகுதியெனில் வலப்பக்க மார்பு வழியாக, இரைப்பையை அண்டியதெனில் வயிற்று வழியாக. தசையை நெடுக்குவாட்டில் பிரித்து, வேகசு நரம்பைக் காத்து, வெட்டுவதைக் குறைத்து, கட்டியை மெல்ல விலக்கித் தோண்டி எடுப்பதே இந்தச் சத்திரசிகிச்சையின் சாரம். இங்கே அவசரத்துக்கு இடமில்லை. பின்னர் அவ்விடத்தைச் சேலைனில் அமிழ்த்தி, எண்டோஸ்கோப் வழியாகக் காற்றைச் செலுத்திக் குமிழி வருகிறதா எனப் பார்க்க வேண்டும். வந்தால் கிழிசலை உடனே தைக்க வேண்டும். அதன்பின் தசை விளிம்புகளையும் இணைத்துத் தைக்காவிட்டால், மென்சவ்வு பின்னாளில் பையாகப் பிதுங்கக்கூடும்.

சத்திரசிகிச்சைக்குப் பின் காய்ச்சல், வேகமான நாடித்துடிப்பு, நெஞ்சுவலி ஆகியவை தோன்றினால் கசிவு என்றே கருதிச் செயற்பட வேண்டும். நீரில் கரையும் சாயத்தை விழுங்கச் செய்து எடுத்த எக்ஸ்ரேயில் கசிவு இல்லையென உறுதியான பின்னரே கஞ்சி கொடுக்கலாம். அகற்றிய கட்டியின் ஆய்வில் டெஸ்மின் என்னும் தசைப் புரதம் நேராகவும் (பொசிட்டிவ்), சி.டி.117 என்னும் புரதம் எதிராகவும் (நெகட்டிவ்) வந்தால், புற்றாக மாறக்கூடிய ஜிஸ்ட் கட்டி அல்ல, லியோமயோமாவே என்று நோயாளிக்குச் சொல்லலாம்.