நெடுந்தொலைவு ஓட்டத்தில் வேகம் கூடவிடாமல் தடுக்கும் தவறுகள்

சென்னை மெரினாவிலோ கோவை ரேஸ்கோர்ஸிலோ விடியற்காலை ஐந்து மணிக்கு ஓடுபவர்களைச் சில வாரம் தொடர்ந்து கவனித்தால், அவர்களில் பெரும்பாலோர் எல்லா நாளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடுவது தெரியும். மூச்சு வாங்கும், ஆனால் நின்றுவிட வேண்டிய அளவுக்கு வாங்காது. முடிக்கும்போது சட்டை நனைந்திருக்கும், நன்றாக உழைத்தோம் என்ற நிறைவும் இருக்கும். முதல் ஆண்டில் இப்படி ஓடினாலே நேரம் குறைந்துகொண்டு வரும். பிறகு, அரை மாரத்தானை (சுமார் 21 கிலோமீட்டர்) 2 மணி 10 நிமிடத்தில் முடித்தவர் அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அதே நேரத்தில்தான் முடிக்கிறார். பல ஆண்டுகள் ஓடியும், புதிதாக ஓட வருபவர்களுடன் பேசியும் நான் கண்டவரை, இந்தத் தேக்கத்துக்கான காரணம் அநேகமாக இரண்டு இடங்களில் இருக்கிறது: மெதுவாக ஓட வேண்டிய நாளில் வேகமாக ஓடிவிடுகிறோம், வயிறார உண்ண வேண்டிய நாளில் குறைத்து உண்கிறோம்.

முதல் தவற்றைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். 5 கிலோமீட்டர் போன்ற குறுகிய போட்டியிலேயே உடல் செலவிடும் ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஆக்சிஜனைக் கொண்டு எரிப்பதால் கிடைக்கிறது. மாரத்தானில் ஏறத்தாழ முழுவதுமே அப்படித்தான். ஆகவே, ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தைத் தள்ளும் இதயமும், தசையிழைகளைச் சுற்றி அடர்ந்த நுண் இரத்தக்குழாய்களும், அந்த இழைகளுக்குள் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் நுண்ணுறுப்புகளான மைட்டோகாண்ட்ரியாவும் பெருகி இருப்பவரே நெடுந்தூரம் வேகமாக ஓடுகிறார். இவற்றுள் பெரும்பகுதியை மாதக்கணக்கில் நிதானமாக ஓடிச் சேர்க்கும் கிலோமீட்டர்கள் தருகின்றன. தினமும் நடுத்தரமான கடுமையில் ஓடுபவருக்கு அந்தக் கிலோமீட்டர்களைச் சேர்ப்பதற்கு முன்பே கால் அசந்துவிடுகிறது. உண்மையிலேயே வேகமாக ஓட வேண்டிய நாள் வரும்போதும் அந்த அசதி தீர்ந்திருப்பதில்லை.

நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் இதை 1950களிலேயே தம் உடம்பில் சோதித்துக் கண்டறிந்தவர். அவருடைய மாணவர்கள் போட்டிக் காலத்துக்கு முன் வாரத்துக்குச் சுமார் 160 கிலோமீட்டர், மூச்சுத் திணறாத வேகத்தில் ஓடினார்கள். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் 800 மீட்டர் ஓட்டக்காரரான பீட்டர் ஸ்னெல்லுக்கும் அதே பயிற்சிதான். 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் 800 மீட்டரிலும் மர்ரே ஹால்பர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். பிற்காலத்தில் ஸ்டீஃபன் சைலர் என்ற உடலியல் ஆய்வாளர், ஓட்டம், படகோட்டம், பனிச்சறுக்கு ஆகியவற்றின் முன்னணி வீரர்கள் தங்கள் பயிற்சியைப் பிரிக்கும் விதத்தை ஆராய்ந்து, ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இலகுவாகவும் மீதி கடுமையாகவும் இருப்பதைக் காட்டினார். வாரம் 40 கிலோமீட்டர் ஓடும் நமக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்த வேண்டியதில்லை. ஆனால் ‘நடுவில் நிற்காதே’ என்ற பாடம் பொருந்துகிறது.

இலகு வேகம் எது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் என்பதுதான். 10 கிலோமீட்டரை 60 நிமிடத்தில் முடிப்பவருக்கு அது கிலோமீட்டருக்கு 7 நிமிடம் முதல் ஏழரை நிமிடம் வரை இருக்கலாம். இவ்வளவு மெதுவாகவா என்று முதல் மாதம் மனம் ஒப்பாது. குழுவாக ஓடும்போது முன்னால் போகிறவரைப் பிடிக்கத் தோன்றும். ஓடிய வேகத்தைச் செயலியில் எல்லோரும் பார்ப்பார்களே என்ற கூச்சமும் சேர்ந்துகொள்ளும். அந்தக் கூச்சத்தை விட்டவர்கள் மூன்று நான்கு மாதத்தில் அதே இதயத் துடிப்பில் கூடுதல் வேகத்தில் ஓடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இதனோடு ஒட்டிய இன்னொரு தவறு, குளிர்நாடுகளுக்காக எழுதப்பட்ட பயிற்சி அட்டவணையின் வேகத்தை நம் ஊர்ப் புழுக்கத்தில் எட்ட முயல்வது. புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த ஜி. லட்சுமணன் 2017 ஜூலையில் புவனேசுவரத்தில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 5000 மீட்டர் தங்கத்தை 14 நிமிடம் 54 வினாடியில் வென்றார். அடுத்த மாதமே லண்டன் உலகப் போட்டியில் அதே தொலைவைச் சுமார் 13 நிமிடம் 36 வினாடியில் ஓடினார். முதல் ஓட்டத்தில் வெற்றியை மட்டும் குறிவைத்து நிதானித்த உத்திக்கும் இந்த வித்தியாசத்தில் பங்கு உண்டு. புழுக்கத்துக்கும் பங்கு உண்டு. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். காற்றில் ஈரப்பதம் மிகும்போது வியர்வை சொட்டி வீணாகிறது. உடலைக் குளிர்விக்க இரத்தம் தோலை நோக்கித் திரும்புவதால் தசைக்குக் கிடைக்கும் பங்கு குறைந்து, அதே வேகத்துக்கு இதயம் மேலும் துடிக்க வேண்டியிருக்கிறது. பத்து முதல் பதினான்கு நாள் வெப்பத்தில் பழகினால் உடல் பெருமளவு ஈடுகொடுக்கும் என்றாலும் முழுவதும் ஈடுகட்டாது. ஆகவே மார்ச் முதல் செப்டம்பர் வரை கைக்கடிகாரம் காட்டும் வேகத்தை விட்டு, மூச்சையும் இதயத் துடிப்பையும் கொண்டு ஓட்டத்தின் கடுமையை அளப்பதே சரி.

கடுமையான பயிற்சி வாரத்துக்கு இரண்டு நாள் போதும். அதில் அதிகம் காணும் பிழை, 1000 மீட்டரை ஐந்து முறை ஓட வேண்டிய நாளில் முதல் முறையைப் போட்டி போலப் பாய்ந்து ஓடிவிட்டு, கடைசி இரண்டைத் தள்ளாடி முடிப்பது. ஐந்தாவதும் முதலாவதின் நேரத்திலேயே முடிந்து, இன்னும் ஒன்று ஓடலாம் என்ற தெம்பு மிஞ்சியிருந்தால் அந்த நாள் பயனுள்ள நாள். தூரத்தைக் கூட்டுவதிலும் இதே பொறுமை தேவை. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடுகின்றன. எலும்புக்கும் தசைநாண்களுக்கும் பல மாதங்கள் வேண்டும். மூச்சு இடம் கொடுக்கிறதே என்று தூரத்தை ஏற்றுபவர்களுக்குத்தான் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலி வருகிறது.

இனி உணவு. இங்கே நடக்கும் தவறுகள் பயிற்சித் தவறுகளைவிட ஆழமானவை என்று கருதுகிறேன், ஏனெனில் அவை ஒழுக்கத்தின் தோற்றத்தில் வருகின்றன. எடை குறைந்தால் வேகம் கூடும் என்று நம்பி ஓர் ஆண்டு இரவுச் சோற்றை அடியோடு விட்டேன். ஐந்து கிலோ குறைந்தது. முதல் ஆறு வாரம் வேகமும் கூடியது. பிறகு தூக்கம் கெட்டது, சளி மாறிமாறிப் பிடித்தது, இலகு ஓட்டமே பாரமாயிற்று. இறுதியில் கால் எலும்பில் ஏற்பட்ட நுண்முறிவால் நான்கு மாதம் ஓடவே முடியவில்லை. ஓட்டத்துக்குச் செலவிட்டது போக மிஞ்சும் ஆற்றல் உடலின் அன்றாட வேலைகளுக்குப் போதாதபோது உடல் எலும்பைப் புதுப்பிப்பதையும் ஹார்மோன் சுரப்பதையும் நோய் எதிர்ப்பையும் சுருக்கிக்கொள்கிறது. 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு இந்நிலைக்குத் தனிப் பெயரிட்டு, ஆண்களுக்கும் இது வரும் என்று அறிவித்தது. ஓடும் பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதோ நின்றுபோவதோ இதன் தெளிவான அடையாளம். அது நன்றாகப் பயிற்சி செய்வதன் விளைவு என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்ப வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.

சோற்றின் மீது இன்று படிந்திருக்கும் அச்சம் ஓட்டக்காரருக்குப் பெருங்கேடு. மாவுச்சத்து கிளைக்கோஜனாக மாறித் தசைகளில் சுமார் 400 முதல் 500 கிராம் வரையும் ஈரலில் சுமார் 100 கிராமும் சேர்ந்திருக்கிறது. வேகம் கூடக்கூட உடல் கொழுப்பை விட்டு இதையே அதிகம் எரிக்கும். தினமும் ஒரு மணி நேரம் ஓடுபவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 5 முதல் 7 கிராம் மாவுச்சத்து வேண்டும் என்பது விளையாட்டு உணவியலின் பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 300 முதல் 420 கிராம். ஓர் இட்லியில் சுமார் 10 கிராமும் 100 கிராம் வெந்த சோற்றில் சுமார் 28 கிராமும் இருக்கின்றன என்று கணக்கிட்டால், இரண்டு இட்லியும் மதியம் ஒரு கரண்டிச் சோறும் இரவில் சாலடும் உண்பவர் எவ்வளவு குறைவாக உண்கிறார் என்பது விளங்கும். இலகு ஓட்டத்தை வெறும் வயிற்றில் ஓடுவதால் கேடில்லை. கடுமையான பயிற்சியையும் 90 நிமிடத்துக்கு மேற்பட்ட ஓட்டத்தையும் அப்படி ஓடக் கூடாது. ஒரு வாழைப்பழமோ இரண்டு இட்லியோ உண்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். கேழ்வரகும் கம்பும் அருமையான உணவுகள்தான், ஆனால் அவற்றின் நார்ச்சத்து ஓடும்போது வயிற்றைக் கலக்கும்; அவற்றை ஓடி முடித்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

புரதத்தைப் பொறுத்தவரை ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.6 கிராம் போதும். ஆனால் சாம்பாரில் மிதக்கும் பருப்பை நம்பி அந்த அளவை எட்ட முடியாது. முட்டை, மீன், தயிர், சுண்டல், பயறு இவற்றில் ஏதேனும் ஒன்று ஒவ்வொரு வேளையும் இலையில் இருக்க வேண்டும்.

இரும்புச்சத்தை நம்மில் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. தேசிய குடும்பநல ஆய்வின் 2019–21 சுற்றில் 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. ஓட்டம், வியர்வை வழியாகவும் பாதம் தரையில் மோதும்போது சிதையும் சிவப்பணுக்கள் வழியாகவும் இரும்பை மேலும் இழக்கச் செய்கிறது. கீரையும் பயறும் உண்டவுடன் காபியோ தேநீரோ குடித்தால் தாவர உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வது வெகுவாகக் குறையும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கலாம். எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்து உண்டால் இரும்பு நன்றாகச் சேரும். காரணமில்லாமல் வேகம் குறைந்துகொண்டே போனால் ஹீமோகுளோபினுடன், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சோதித்துப் பார்க்க வேண்டும். சோதிக்காமல் இரும்பு மாத்திரை விழுங்குவதும் தவறு, ஏனெனில் மிஞ்சிய இரும்பை வெளியேற்ற உடலுக்கு வழியில்லை.

நீரிலும் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. குடிக்காமல் ஓடுவதன் கேட்டை எல்லோரும் அறிவோம். அளவுக்கு மீறிக் குடிப்பதன் கேடு பலருக்குத் தெரியாது. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 ஓட்டக்காரர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதத்தினருக்குச் சோடியம் ஆபத்தான திசையில் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுக்கே, அதாவது இழந்ததைவிட அதிகமாகக் குடித்தவர்களுக்கே, அது பெரும்பாலும் நேர்ந்தது. இளநீர் இதற்கு மாற்று என்று நினைப்பதும் சரியல்ல. அதில் பொட்டாசியம் மிகுதி, வியர்வையில் நாம் இழக்கும் சோடியமோ குறைவு. உப்பிட்ட மோரும், உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைச் சாறும் நம் வீட்டிலேயே இருக்கின்றன. ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, இடையில் குடித்ததையும் சேர்த்துக் கணக்கிட்டால் மணிக்கு எவ்வளவு வியர்க்கிறது என்று அவரவரே அறியலாம்.

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீளும் போட்டியில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உட்கொள்வது கடைசிக் கிலோமீட்டர்களைக் காப்பாற்றும். ஓடும்போதே உண்ணச் சிறு பையில் வரும் இனிப்புக் கூழான ஜெல் ஒன்றில் பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் இருக்கும். அதைப் போட்டியன்று முதன்முறையாக வாயில் வைத்தால் குடல் மறுத்துவிடும். இரண்டு மாதத்துக்கு முன்பிருந்தே ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டத்தில் பழக்கியிருக்க வேண்டும்.

கடைசி இரண்டு வாரம் பயத்தின் காலம். தவறவிட்ட பயிற்சிகளையெல்லாம் அப்போது ஓடித் தீர்க்கத் தோன்றும். அந்த நாட்களில் ஓடுவதன் பயன் போட்டிக்குள் உடலில் சேராது, அசதி மட்டும் சேரும். வேகப் பயிற்சியின் வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மொத்தத் தூரத்தை மட்டும் ஏறக்குறைய பாதியாகக் குறைத்து, சோற்றைக் குறைக்காமல் இருப்பவருக்குப் போட்டிக்கு முந்தைய நாள் எடை ஒரு கிலோவோ ஒன்றரை கிலோவோ கூடியிருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னுடன் சுமார் 3 கிராம் நீரையும் சேர்த்து வைத்துக்கொள்வதால் கூடிய எடை அது. அதைக் கண்டு பயந்து அன்றிரவு பட்டினி கிடக்க வேண்டாம்.