பிளேயர் பியானோவை வயர் இல்லாமல் இணைக்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

போன வாரம் ஒரு தம்பி லேப்டாப்போடு வந்தார். தானே கட்டைகளை இறக்கி வாசிக்கும் பிளேயர் பியானோ வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. "அண்ணே, பிளேயை அழுத்தினா கட்டை கொஞ்சம் கழிச்சுத்தான் இறங்குது. புளூடூத் அடாப்டர் சரியில்லையோ? வேற வாங்கிடட்டுமா?" என்றார். பையில் ஏற்கெனவே இரண்டு அடாப்டர்கள் இருந்தன. ஆறு வருடத்துக்கு முன் நானும் இப்படித்தான் திரிந்தேன். புளூடூத் ஆன் ஆகியிருக்கிறதா என்பது போன்றவற்றை விட்டுவிட்டு, உண்மையில் ஆளை அலைக்கழிப்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

பாட்டு வந்ததும் இணைந்துவிட்டது என்று நம்புவது

பல பியானோக்களில் புளூடூத் இரண்டு வகை: ஒன்று பாட்டுக் கேட்க, இன்னொன்று மிடிக்கு, அதாவது கட்டைகளை இயக்கும் கட்டளைகளுக்கு. கணினியின் புளூடூத் பட்டியலில் பியானோவின் பெயரைக் கண்டதும் இணைத்துவிடுகிறோம். ஸ்பீக்கரில் பாட்டு வருகிறது, ஒரு கட்டையும் அசையவில்லை. மிடியில் ஒலி கிடையாது. எந்தக் கட்டையை எவ்வளவு வேகத்தில் அழுத்துவது, எப்போது விடுவது என்ற கட்டளைதான் போகும். மேக்கில் 'ஆடியோ மிடி செட்டப்' வழியாக இணையுங்கள். ஐபேடில் செட்டிங்ஸ் பக்கம் போகாமல் இசைச் செயலிக்குள்ளேயே இணையுங்கள்.

போனைக் கவனிக்காமல் விடுவது

போன் முந்திக்கொண்டு இணைந்திருந்தால் கணினிக்குப் பியானோ பெரும்பாலும் தெரியாது.

அரை நொடித் தாமதத்துக்கு வயர்லெஸ்ஸைப் பழிப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். இரண்டு அடாப்டர், அப்புறம் வைஃபை வழியாக மிடி அனுப்ப ஒரு புது ரூட்டர். நான்கு வார இறுதிகள் இதிலேயே போயின. கடைசியில் சலித்துப்போய் சாதாரண யூஎஸ்பி வயரைச் செருகினேன். அதே அரை நொடி! முதல் நாளே ஐந்து நிமிடத்தில் செய்திருக்க வேண்டிய சோதனை அது.

கட்டைக்குக் கீழே இருந்து அதைத் தள்ளும் மின்காந்தமான சொலினாய்டு, மென்மையான சுரத்துக்குக் கட்டையை மெல்லத் தள்ள வேண்டும். சுத்தியல் கம்பியைத் தொட நேரமாகும். ஓங்கி ஒலிக்க வேண்டிய சுரத்துக்குச் சட்டென்று தள்ளிவிடும். பக்கத்தில் குனிந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியும்: ஒரு கட்டை சாய்ந்து இறங்குகிறது, அடுத்தது வெட்டியது போல் விழுகிறது. கட்டளை வந்த கணமே இரண்டையும் இயக்கினால் வன்மையான சுரம் முந்தும், மென்மையானது பிந்தும், சேர்ந்து ஒலிக்க வேண்டிய சுரக்கூட்டம் (chord) சிதறும். அதனால்தான் யமஹாவின் பிளேயர் பியானோவான டிஸ்க்ளேவியரில், உள்ளே வரும் மிடியை 500 மில்லி நொடி பிடித்துவைக்கும் அமைப்பு இருக்கிறது. மென்மையான சுரங்களைக் கொஞ்சம் முன்கூட்டியே கிளப்பிவிட அந்த அவகாசம் தேவை. புளூடூத் மிடி தன் பங்குக்குச் சேர்ப்பது பெரும்பாலும் சில பத்து மில்லி நொடிதான்.

காரணம் தெரிந்ததும் அடுத்த தவறையும் செய்தேன். மெனுவில் அந்தத் தாமதத்தை அணைத்தேன். பிளேயை அழுத்தியதும் கட்டை இறங்கியது, மகிழ்ச்சி. அன்று இரவு மெதுவான ஒரு பாட்டைப் போட்டால், இடது கையின் மெல்லிய சுரங்கள் மெட்டுக்குப் பின்னால் தடுமாறி வந்தன. பியானோவில்தான் கோளாறு என்று ட்யூனரைக் கூப்பிட்டு, அதற்கும் காசு கொடுத்தேன்.

வேறு கீபோர்டிலிருந்து நேரடியாக வாசிக்கும்போது மட்டும் அணையுங்கள். பதிவான பாட்டுக்கு அதை அப்படியே விட்டு, கணினியில் உள்ள குரல், தபேலா டிராக்குகளை 500 மில்லி நொடி பின்னால் தள்ளுங்கள். தம்பிக்கும் அதைத்தான் செய்து கொடுத்தேன். மூன்றாவது அடாப்டர் தேவைப்படவில்லை.

டிரம் டிராக்கையும் சேர்த்து அனுப்புவது

மிடி கோப்புகளில் டிரம் பொதுவாக 10-ஆம் சேனலில் இருக்கும். பியானோ எல்லாச் சேனல்களையும் வாங்கினால், பேஸ் டிரம்முக்கான 36-ஆம் சுர எண் கீழ்ப்பக்கத்து ஸி கட்டையாகிப் பாட்டு முழுக்க இடிக்கும்.

'த்ரூ'வைத் திறந்தே வைப்பது

மென்பொருளில் 'த்ரூ' என்பது உள்ளே வந்த மிடியை அப்படியே வெளியே அனுப்பும் அமைப்பு. அது திறந்திருந்தால் பியானோ அனுப்பியது பியானோவுக்கே திரும்பி வரும். அணையுங்கள்.

கட்டை கீழேயே நின்றால் வேடிக்கை பார்ப்பது

அழுத்தும் கட்டளை வந்து, விடும் கட்டளை வருவதற்குள் இணைப்பு அறுந்தால் கட்டை எழாமல் நிற்கலாம். அதுவரை சொலினாய்டில் மின்சாரம் ஓடும், சூடேறும். மென்பொருளில் எல்லாக் கட்டைகளையும் விடச் சொல்லும் 'பேனிக்' பொத்தான் எங்கே என்று முதலிலேயே பார்த்துவையுங்கள். இணைப்பே போயிருந்தால் அதுவும் பியானோவை எட்டாது. பியானோவின் பவரை அணைத்து, கட்டை மேலே வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு மறுபடி இணையுங்கள்.