ஊட்டி, குன்னூர் பக்கம் வாடகைக்கு விட வீடு வாங்குவதற்கு முன்

"வீட்டை வாங்கிப் போட்டுவிட்டால் நாம் போகாத நாளெல்லாம் வாடகை, அதிலேயே லோன் அடைந்துவிடும்." பர்லியார் தாண்டி மலை ஏறும்போது பலர் போடும் கணக்கு இது. லோன் அடையாது. ஒரு மாதிரிக் கணக்கு பாருங்கள்.

வீடு 80 லட்சம், மூன்று படுக்கையறை. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். கையை விட்டுப் போவது 87.20 லட்சம். ஒரு இரவுக்கு 6,000 ரூபாய், வருடத்தில் 120 இரவு ஆள் வருகிறார்கள் என்று தாராளமாகவே வைப்போம்: 7.20 லட்சம். புக்கிங் கமிஷன் 15 சதவீதம் என்றால் 1.08 லட்சம் போச்சு. வாட்ச்மேன் சம்பளம் மாதம் 15,000. கரண்ட், தண்ணீர், கேஸ், பெட்ஷீட் சலவை எல்லாம் சேர்த்து மாதம் 10,000. பெயின்ட், கூரை வேலைக்கு வருடம் 60,000. மிஞ்சுவது 2.52 லட்சம். வருமான வரிக்கு முன்பே 3 சதவீதத்தைத் தொடவில்லை. நிலத்தின் விலை ஏறும், நாமும் வந்து தங்கலாம் என்று வாங்கினால் சரி. வாடகையை மட்டும் நம்பி வாங்கக் கூடாது.

அந்த 120 இரவுமே ஏப்ரல், மே, செப்டம்பர்-அக்டோபர் இரண்டாம் சீசன், நீண்ட வார விடுமுறைகளில்தான் வரும். வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. மே மாதத்தில் வீடு நிரம்பிவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட முடியாது.

இனி பேப்பர். 30 வருட வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்), பட்டா, 'அ' பதிவேடு (கிராம நிலக் கணக்கு), புலப்பட நகல் (நிலத்தின் அளவுப் படம்) நான்கும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஹட்டிகளை (படுகர் ஊர்களை) ஒட்டிய நிலத்தில் பலர் பேரில் இருக்கும் கூட்டுப் பட்டா சகஜம். பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, உட்பிரிவு செய்து தனிப் பட்டா வந்த பிறகுதான் பணம். தேயிலைத் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கும் மனைகளில் அங்கீகாரத்தோடு பாதையையும் பாருங்கள். எஸ்டேட் ரோடு தனியார் சொத்து. பாதை உரிமை சர்வே எண்ணோடு பத்திரத்தில் எழுதப்படாவிட்டால் நாளைக்கே கேட் போட்டுவிடுவார்கள்.

கூடலூர், பந்தலூரில் விலை பாதியாகத் தெரிந்தால் அது 'செக்சன் 17' நிலமா என்று முதலில் கேளுங்கள். 1969 ஜென்மம் (ஜமீன் போன்ற பழைய நில உரிமை) ஒழிப்புச் சட்டத்தின் கீழ் தீராத சிக்கலில் கிடக்கும் நிலம் அது. பல தலைமுறையாகக் குடியிருப்பவர்களுக்கே பட்டா இல்லை. மசினகுடி, பொக்காபுரம் பக்கம் யானை வழித்தடம். அங்கே ரிசார்ட்டுகளை மூடச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் 2020இல் உறுதி செய்தது. இந்த இரண்டு வகை நிலத்தையும் விட்டுவிடுவதே நல்லது.

அதிகம் பேர் மாட்டுவது கட்டட அனுமதியில். மலைப் பகுதி விதியில் கட்டட உயரத்துக்கும் வரம்பு உண்டு. பிளானைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாக எண்ணுங்கள். பின்னால் ஒட்டுப் போட்ட அறை இருந்தால் அதற்குத் தனி அனுமதி எங்கே என்று கேளுங்கள். குடியிருப்பு என்று அனுமதி வாங்கிக் காட்டேஜ் நடத்தினால் சீல் விழும். மின் இணைப்பும் சொத்து வரியும் வணிகக் கணக்குக்கு மாற வேண்டும். மத்திய அரசின் ஹோம்ஸ்டே பதிவுக்கு 6 அறை வரைதான், உரிமையாளர் குடும்பம் அங்கேயே குடியிருக்கவும் வேண்டும். சென்னையில் இருந்துகொண்டு சாவியை வாட்ச்மேனிடம் கொடுப்பவர் இதில் வர மாட்டார். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை அரசிடம் பதிய வேண்டும்.

வீட்டைப் பார்க்க மே மாதத்தில் வராதீர்கள். குன்னூர், கோத்தகிரி என்றால் நவம்பர் மழையில் வாருங்கள். 2009 நவம்பரில் மண் சரிந்து உயிர்கள் போனது அந்தப் பக்கம்தான். மேற்கே கூடலூர், அவலாஞ்சி பக்கம் ஜூலை, ஆகஸ்ட்.

வந்ததும் ஹாலில் உட்காராமல் நேராக வீட்டுக்குப் பின்னால் போங்கள். மண்ணை வெட்டி எழுப்பிய தடுப்புச் சுவரில் நீர் வடியும் துளைகள் இருக்கின்றனவா, மழையில் அவற்றிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதா என்று பாருங்கள். துளை காய்ந்து கிடந்து, சுவரின் நடுவயிறு வெளியே தள்ளியிருந்தால் தண்ணீர் பின்னாலேயே தேங்குகிறது என்று அர்த்தம். ஈர மண்ணின் பாரம் தாங்காமல் ஒருநாள் சுவர் வீட்டுப் பக்கமே சாயும். மேலே சரிவில் மரங்கள் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் மண் ஏற்கெனவே நகர்கிறது. செப்டிக் டேங்கின் கசிவு எந்த வீட்டுக்குள் போகிறது என்பதைக் கீழ்வீட்டுக்காரரிடமே கேட்டுவிடுங்கள்; மறைக்காமல் சொல்வார். அப்புறம் உள்ளே வந்து, சாத்திக் கிடக்கும் அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். புது பெயின்ட் பூஞ்சைக் கறையை மறைக்கும், வாசனையை மறைக்காது.

தண்ணீர் தனிக் கதை. நினைத்த மாதிரி போர்வெல் போட இங்கே முடியாது; ஜேசிபி இறக்கவும் ஆட்சியர் அனுமதி வேண்டும். மரம் வெட்ட 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. "வாங்கின பிறகு போட்டுக்கலாம், வெட்டிக்கலாம்" என்று புரோக்கர் சொல்வது எதையும் விலையில் சேர்க்காதீர்கள். மார்ச்சில் குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து, அதற்கேற்ற தொட்டி இருக்கிறதா பாருங்கள். சீசனில் லாரித் தண்ணீர் வாங்கினால் மேலே போட்ட கணக்கில் இன்னும் துண்டு விழும்.

எல்லாம் திருப்தி என்றால் அக்ரிமென்ட். உட்பிரிவு பட்டாவோ, கட்டட அனுமதி நகலோ குறித்த தேதிக்குள் வராவிட்டால் அட்வான்ஸ் முழுதும் திரும்பும் என்று அதில் எழுதிக்கொள்ளுங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீதத்தை வருமான வரியாக (டிடிஎஸ்) பிடித்துக் கட்டுவது வாங்குபவர் பொறுப்பு. விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவரானால் இந்த விகிதம் பொருந்தாது, பிடித்தம் கூடும்; பத்திரத்துக்கு நாள் குறிக்கும் முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.